இட்லிப் பானைக்குள் ஒரு கண்டம்

இட்லிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி, மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டிருக்கும். வெளிப்புறம் காய்ந்து கிடக்கும். இடையில் இருப்பது ஒரு தகடுதான். ஆனாலும் ஒரு பக்கம் மழை, மறுபக்கம் வறட்சி. தென் அமெரிக்கா ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே ஏற்பாட்டால் வகுக்கப்பட்ட கண்டம். அங்கே மூடியின் வேலையைச் செய்வது ஆண்டிஸ் மலைத்தொடர். உலகின் மிகப் பெரிய மழைக்காடு அதற்குக் கிழக்கே இருக்கிறது. துருவங்களை விட்டுவிட்டால் உலகிலேயே மிக வறண்ட பாலை அதற்கு மேற்கே.

மலை, ஆறு, தட்பவெப்பம், மக்கள்தொகை என்று இவற்றைப் பள்ளியில் தனித்தனிப் பாடங்களாகப் படித்தோம். நான்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தால்தான் ஒரு கண்டம் பிடிபடும் என்பது என் எண்ணம். இன்னொன்றும் உண்டு. மழை பெய்கிற இடத்தில் மக்கள் குடியேறுவார்கள் என்று நாம் சாதாரணமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். தென் அமெரிக்கா அந்த நினைப்பைக் கலைத்துவிடுகிறது. பெய்த மழையை மலை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததோ, அங்கேதான் அந்தக் கண்டத்தின் பெரும்பாலான ஊர்கள் எழுந்தன.

அடுப்பிலிருந்து தொடங்குவோம். நிலநடுக்கோட்டை ஒட்டிய அட்லாண்டிக் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது, நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவியைக் கிழக்கிலிருந்து மேற்காகத் தள்ளிக்கொண்டு வருகிறது வியாபாரக் காற்று. வடக்கே கயானா மேட்டு நிலம், தெற்கே பிரேசில் பீடபூமி, நடுவே கடலை நோக்கித் திறந்து கிடக்கும் தாழ்ந்த சமவெளி. பெலெம் துறைமுகத்தில் கரையேறும் ஈரக் காற்றுக்கு, அடுத்த இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறுக்கே நிற்க எதுவும் இல்லை.

பிறகு சுவர் வருகிறது. வெனிசுவேலாவிலிருந்து கண்டத்தின் தென்கோடி வரை சுமார் 7,000 கிலோமீட்டர் நீளம். அதன் உச்சி, அர்ஜென்டினாவில் இருக்கும் அகோன்காகுவா, 6,961 மீட்டர். பசிபிக் பக்கத்திலிருந்து நாஸ்கா என்ற பாறைத்தட்டு கண்டத்தின் அடியில் நுழைந்து கொண்டிருப்பதால் எழுந்த மலை இது. நுழைவது இன்னும் நிற்கவில்லை. சிலியிலும் பெருவிலும் நிலம் அடிக்கடி நடுங்குவது அதனால்தான்.

காற்று மலையில் மோதி மேலே ஏறும்போது என்ன நடக்கிறது? பானையில் ஆவி குளிர்ந்த தகட்டைத் தொட்டு நீராகிறது. மலையில் காற்று எதையும் தொட வேண்டியதில்லை, அது மட்டும் ஒரு வேறுபாடு. மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிந்த காற்று தானாகவே குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஈரம் தங்காது, மழையாக இறங்கிவிடும். பெருவின் கிழக்கு மலையடிவாரத்தில் குயின்செமில் என்ற ஊரில் ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சுவரைத் தாண்டி மேற்கே இறங்கும் காற்றில் மிச்சம் ஏதும் இருப்பதில்லை. அதே கண்டத்தில், சிலியின் வடகோடித் துறைமுகமான அரிகாவில் பதிவான ஆண்டு சராசரி ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை.

இட்லி அவிப்பவர்களுக்கு மூடி ஏன் கவிந்திருக்கிறது என்று தெரியும். மூடி தட்டையாக இருந்தால் நீர் நேராக இட்லி மேல் சொட்டும். கவிந்திருந்தால் ஓரமாக வழிந்து மீண்டும் பானை அடிக்கே போய்ச் சேரும். ஆண்டிஸின் கிழக்குச் சரிவில் விழும் மழையும் அப்படித்தான் வந்த வழியே திரும்புகிறது. அமேசானின் மிகத் தொலைவான ஊற்றுக்கண்கள் தெற்குப் பெருவின் மலைகளில், பசிபிக் கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கடல் இருக்க, அந்த நீர் அதற்கு முதுகைக் காட்டிவிட்டு, சுமார் 6,400 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலை இந்த உயரத்துக்கு வளர்வதற்கு முன் மேற்கு அமேசான் பகுதி பெரும் சதுப்பாகவும் ஏரிகளாகவும் கிடந்தது. நீர் கிழக்கு நோக்கி முழுமையாகத் திரும்பியது, மலை எழுந்து வழியை அடைத்து, அதிலிருந்து அரித்துவந்த மண் பள்ளங்களை நிரப்பிய பிறகுதான். அது ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த மாற்றம்.

திரும்பிய ஆறு மலையை விட்டு இறங்கியதும் கிட்டத்தட்டச் சரிவே இல்லாத நிலத்தில் நடக்கிறது. பெருவின் இகிடோஸ் நகரம் கடலிலிருந்து 3,600 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அதன் உயரமோ வெறும் நூறு மீட்டரை ஒட்டித்தான். அதனால் கடலில் ஓடும் கப்பல்கள் அதுவரை ஏறி வருகின்றன. நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து இந்த நகரத்துக்குச் சாலை கிடையாது, படகில் வர வேண்டும் அல்லது விமானத்தில். அமேசான் வடிநிலம் கண்டத்தின் ஐந்தில் இரண்டு பங்கு. கடலில் அது விநாடிக்குச் சேர்க்கும் நீர் சராசரியாக 2 லட்சம் கன மீட்டர். உலகின் ஆறுகள் எல்லாம் சேர்ந்து கடலுக்குக் கொடுக்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஓர் ஆறு கொடுப்பது.

இவ்வளவும் வெறும் மூடி, வெறும் ஆவி என்று விளங்கிவிடாது. கடலிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இத்தனை மழை எப்படி? காற்று வழியிலேயே மழையாகக் கொட்டித் தீர்ந்திருக்க வேண்டுமே? இங்கேதான் இட்லித் தட்டில் விரித்த ஈரத்துணியை நினைத்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து சொட்டுவதைத் துணி வாங்கிக்கொள்கிறது, அடியிலிருந்து சூடு ஏறும்போது திரும்ப ஆவியாக விடுகிறது. அமேசான் காடு அந்தத் துணி. மழை விழுகிறது, வேர்கள் உறிஞ்சுகின்றன, இலைகள் அதைக் காற்றில் திரும்ப விடுகின்றன, காற்று இன்னும் மேற்கே போய் மீண்டும் பெய்கிறது. ஒரே நீர் பலமுறை பெய்து பலமுறை எழுகிறது. பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி 1970களில் மழைநீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களின் வகைகளை அளந்து இதை நிறுவினார். வடிநிலத்தின் மழையில் பாதியளவு அந்த வடிநிலமே திரும்ப உண்டாக்குவது என்பது அவருடைய ஆய்வில் தெரிந்தது. அதுவரை மழை இருப்பதால் காடு இருக்கிறது என்றுதான் சொல்லிவந்தார்கள். காடு இருப்பதால்தான் இவ்வளவு மழை என்ற மறுபாதியும் அதன்பிறகு கணக்கில் ஏறியது.

இந்த ஆவி மேற்கே போய் மலையில் முட்டியதும் எல்லாமே மழையாகிவிடுவதில்லை. ஒரு பகுதி மலையின் ஓரமாகத் தெற்கே வளைகிறது. சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், பொலிவியா வழியாகப் பராகுவே, தெற்குப் பிரேசில், வடக்கு அர்ஜென்டினா வரை ஒரு ஈரக்காற்று ஓட்டம் பாய்கிறது. பிரேசிலில் இதைப் பறக்கும் ஆறுகள் என்கிறார்கள். லா பிளாட்டா வடிநிலத்தின் கோதுமைக்கும் சோயாவுக்கும் மேய்ச்சல் புல்லுக்கும் இந்த ஈரத்திலிருந்து ஒரு பங்கு போகிறது. பிரேசிலும் பராகுவேயும் சேர்ந்து பரானா ஆற்றில் கட்டிய 14,000 மெகாவாட் இதாய்ப்பு அணைக்கும் போகிறது. அமேசானில் மரம் வெட்டுவதை அங்குள்ள பழங்குடிகளின் தனிப் பிரச்சினையாகப் பார்ப்பவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். காட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இதுவரை போய்விட்டது. துணியைக் கிழிப்பவர்கள் தெற்கே இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயலையும் சேர்த்தே கிழிக்கிறார்கள்.

இவ்வளவு நீர் இருக்கும் இடத்தில் மக்கள் நெருக்கமாக இல்லாதது ஏன்? பெரும்பாலும் மண்தான் காரணம். ஓயாத மழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. காட்டின் வளம் மரத்திலும் உதிர்ந்த இலையிலும் இருக்கிறது, தரையில் இல்லை. விதிவிலக்கு ஆற்றங்கரை. ஆண்டிஸிலிருந்து வரும் கலங்கல் ஆறுகள் ஆண்டுதோறும் வெள்ளத்தில் வண்டலைக் கரையில் பரப்புகின்றன. 1541-42இல் பிரான்சிஸ்கோ தே ஒரெயானா இந்த ஆறு வழியாகக் கடல் வரை போனபோது, கூடவே போன காஸ்பர் தே கார்வஹால் என்ற பாதிரியார் கரையோரம் பெரிய ஊர்களைப் பார்த்ததாக எழுதிவைத்தார். வெகுகாலம் அதைக் கட்டுக்கதை என்றே தள்ளினார்கள். பின்னால் ஆற்றங்கரை மேடுகளில் கரியும் எலும்பும் மீன் கழிவும் உடைந்த மண்பாண்டமும் கலந்து மனிதர் உண்டாக்கிய கருமண் திட்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. சத்தில்லாத மண்ணில், தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஊர்க் கழிவைக் கொண்டே சத்துள்ள நிலம் சமைத்தவர்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களில் பெரும்பாலோர் அழிந்துபோன பிறகு காடு அந்த ஊர்களை மூடியது. ஆளில்லாக் காடு என்று பின்னால் வந்தவர்கள் எழுதியது அழிவுக்குப் பிந்திய காட்சியை.

ஆற்றோரம் வாழ்வது இன்றைக்கும் எளிதல்ல. கறுப்பு நீர் ஓடும் நீக்ரோ ஆறும் கலங்கல் நீர் ஓடும் சொலிமோயிஸ் ஆறும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் 20 லட்சம் பேர் வசிக்கும் மனாவுஸ் இருக்கிறது. துறைமுக அளவுகோலில் 2021 ஜூனில் நீர்மட்டம் 30 மீட்டரைத் தாண்டியது. 2024 அக்டோபரில் 12 மீட்டரை ஒட்டி இறங்கியது. முன்னது அதுவரை பதிவானதிலேயே மிக உயரம், பின்னது மிகத் தாழ்வு. மூன்றே ஆண்டு இடைவெளி. மிதவை வீடுகள் சேற்றில் குந்திவிட்டால், படகையே சாலையாகக் கொண்ட ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் வருவது நின்றுபோகிறது.

இனி மூடியின் வெளிப்புறம். மலை அட்லாண்டிக் ஈரத்தை மறிப்பது வறட்சிக்குப் பாதிக் காரணம்தான். கடல் பக்கத்திலேயே இருக்கும்போது பசிபிக் ஏன் மழை தரவில்லை? ஏனென்றால் அந்தப் பக்கத்து அடுப்பு எரியவில்லை. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும் ஆழத்திலிருந்து மேலெழும் நீரும் பெரு, சிலி கடற்கரையைச் சில்லிட வைத்திருக்கின்றன. குளிர்ந்த நீரிலிருந்து ஆவி குறைவாகவே எழும். எழுந்த ஈரமும் கடலை ஒட்டிய குளிர்ந்த காற்றிலேயே தங்கிவிடும், மேலே வெப்பக் காற்று படர்ந்திருப்பதால் உயர ஏறி மேகமாகி மழையாகாது. மூடுபனியாகத்தான் வரும். சில மாதங்களுக்கு லிமா நகரத்தின் வானம் முழுக்கச் சாம்பல் நிறம், சுவரெல்லாம் ஈரம் பூக்கும், ஆனால் குடை பிடிக்கும் அளவுக்கு மழை இல்லை. வடக்கே கொலம்பியாவில் கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் இதே மலையின் இதே மேற்குப் பக்கத்தில் குயிப்தோ நகரம் ஆண்டுக்கு ஏழு மீட்டருக்கு மேல் மழை வாங்குகிறது. ஆக, மலை மட்டும் போதாது. அதன் அடியில் இருக்கும் நீர் சூடா குளிரா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

அந்தக் குளிர்ந்த கடல் சில ஆண்டுகளில் சூடாகிவிடும். வடக்குப் பெருவின் மீனவர்கள் கிறிஸ்துமஸ் ஒட்டி வருகிற அந்த வெந்நீருக்குக் குழந்தை இயேசுவை நினைத்து எல் நினோ என்று பெயரிட்டார்கள். 1982-83, 1997-98 ஆண்டுகளில் பியூரா பாலைநிலத்தில் வெள்ளம் புரண்டது. குளிர்நீரில் பெருகும் நெத்திலி கூட்டங்கள் விலகிப்போய் மீன்பிடி சரிந்தது.

இத்தனை வறண்ட கரையில்தான் அமெரிக்கக் கண்டங்களின் மிகப் பழைய நகரங்களில் ஒன்று எழுந்தது. லிமாவுக்கு வடக்கே சூப்பே பள்ளத்தாக்கில் கரால், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன். மேலே மலையில் பெய்த மழை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றாறுகளாகப் பாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பசிபிக்கில் விழுகிறது. ஒவ்வோர் ஆறும் ஒரு பச்சைக் கோடு. கராலில் பருத்தி விளைந்தது, பருத்தி மீன்வலையானது, வலைக்கு ஈடாகக் கடற்கரையிலிருந்து நெத்திலி வந்தது. இன்று பெரு நாட்டின் நன்னீரில் சுமார் 2 சதவீதம் மட்டுமே பசிபிக் பக்கம் வடிகிறது, மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பக்கம்தான் வசிக்கிறார்கள்.

தெற்கே போகப் போகப் பானையே திரும்பிக்கொள்கிறது. ஏறத்தாழ 35, 40 பாகைக்குத் தெற்கே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அங்கே சிலிப் பக்கம் பெருமழைக்காடு, அர்ஜென்டினாப் பக்கம் பாட்டகோனியாவின் முட்புதர் வெளி. 1865இல் வேல்ஸ் நாட்டிலிருந்து மிமோசா கப்பலில் நூற்றைம்பது பேரளவில் வந்து சுபுத் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். மழையை நம்பி விதைத்துப் பட்டினியை நெருங்கினார்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சிய பிறகுதான் கோதுமை கைகொடுத்தது. கைமன், டிரெலியு ஊர்கள் அந்த வாய்க்கால்களின் மேல் நிற்பவை. இன்னும் வடக்கே, அதே மலைமறைவில், மெண்டோசா நகரத்தில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். தெருவுக்குத் தெரு நடைபாதை ஓரமாகப் பனியுருகிய நீர் வாய்க்காலில் ஓடுகிறது, நிழல் மரங்கள் அதைக் குடித்து நிற்கின்றன. வாய்க்கால் வெட்டுவதை ஸ்பானியர்களுக்கு முன்பே தொடங்கியவர்கள் வார்ப்பே மக்கள்.

மலையின் மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள், அதுவும் கூட்டமாக. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை குளிர்கிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் கித்தோவில் ஆண்டு முழுவதும் ஊட்டிக் குளிர்தான். பொகோட்டா 2,640 மீட்டர். லா பாஸ் 3,600 மீட்டருக்கு மேல். 1802இல் சிம்போராசோ மலையில் ஏறிய அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட், உயரத்துக்கு உயரம் செடிகள் மாறுவதை ஒரே படத்தில் வரைந்து காட்டினார். ஆண்டிஸ் மக்கள் அதைப் படமாக வரையாமல் வாழ்க்கையாகவே வைத்திருந்தார்கள். ஒரே சமூகத்தார் அடிவாரத்தில் மக்காச்சோளமும் கோக்காவும், நடுவே கிழங்கும், உச்சிப் புல்வெளியில் லாமா மந்தையும் வைத்துக்கொண்டு தங்களுக்குள் பகிர்ந்தார்கள். ஒரு மட்டத்தில் பனி கருக்கினால் இன்னொரு மட்டம் சோறு போடும். மானிடவியலாளர் ஜான் முர்ரா 1972இல் இதை விரிவாக எழுதினார். டிட்டிகாகா ஏரிக்கரையில், 3,800 மீட்டரில், உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வடித்து, வெயிலில் உலர்த்திச் சூன்யோ என்ற வற்றலாக்குகிறார்கள். ஆண்டுக்கணக்கில் கெடாது. இன்கா அரசு தன் களஞ்சியங்களில் நிரப்பிவைத்த பண்டங்களில் அதுவும் ஒன்று. நம் வீட்டு உருளைக்கிழங்கு அந்த உச்சிக் குளிரிலிருந்து வந்தது. மரவள்ளி அதே கண்டத்தின் அடிவாரப் புழுக்கத்திலிருந்து வந்தது. அருகருகே இருக்கும் இரண்டு கூடைகளுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர் உயரம் இருக்கிறது.

கிழக்குக் கரையில் ஒரு சின்ன மூடி உண்டு, செர்ரா தோ மார் என்னும் கரையோர மலை. கடலிலிருந்து வெறும் 22 கிலோமீட்டரில் பிறக்கும் தியேத்தே ஆறு அந்த மலையால் திருப்பப்பட்டு உள்நாட்டுக்கு 1,100 கிலோமீட்டர் ஓடிப் பரானாவில் கலக்கிறது. 1554இல் ஏசு சபையார் அந்தப் பீடபூமியில் தொடங்கிய சாவோ பாவ்லோ, இந்தத் திருப்பத்தால் பிரேசிலின் உட்பகுதிக்கு வாசலானது. ஆற்றின் போக்கிலேயே போனவர்கள் தங்கம் தேடினார்கள், பழங்குடிகளை அடிமை பிடித்தார்கள். பரானா வழியே அதே நீர் கடைசியில் புவெனஸ் அயர்ஸ் வாசலில் கடலை எட்டுகிறது.

மறுபடி லிமா. சுமார் ஒரு கோடிப் பேருக்கு ரிமாக் ஆறும் இரண்டு சிற்றாறுகளும் போதவில்லை. எனவே மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், அமேசானை நோக்கிப் போகவேண்டிய மார்காபோமாகோச்சா ஏரிகளின் நீரைச் சுரங்கம் குடைந்து மேற்கே கொண்டு வருகிறார்கள். மூடித் தகட்டில் ஓட்டை போட்டது மாதிரிதான். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு, மேலே பனிப்பாறைகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. இப்போது பொறியாளர்கள் திரும்பிப் பார்ப்பது வாமந்தாங்கா போன்ற மலைக் கிராமங்களில் இன்கா காலத்துக்கும் முற்பட்ட அமுனா வாய்க்கால்களை. மழைக்கால வெள்ளத்தை ஓடையிலிருந்து திருப்பி, கற்கள் பாவிய வாய்க்கால் வழியே நடத்தி, விரிசல் விட்ட மலைச்சரிவில் விட்டுவிடுவார்கள். நீர் பாறைக்குள் இறங்கி மெல்ல நகர்ந்து கீழே ஊற்றாக வெளிவரும். அங்கே சாயம் கலந்து சோதித்தவர்கள், நீர் சராசரியாக 45 நாள் மலைக்குள் தங்குகிறது என்று 2019இல் வெளியிட்டார்கள். சில துளிகளுக்கு எட்டு மாதம் வரை ஆகிறது. மழை நின்று வயல் காயத் தொடங்கும் மாதங்களில் அந்த ஊற்று ஓடும். லிமாவாசிகள் கட்டும் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு, மேலே உள்ள நீர்ப்பிடிப்புகளையும் இத்தகைய வாய்க்கால்களையும் செப்பனிடுவதற்கென்று ஒதுக்கப்படுகிறது.